பெரியப்பா வைத்துவிட்டுப் போன பாட்டில்: வயசு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு?

கிருஷ்ணகிரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பா காலமான பிறகு பீரோவைச் சுத்தம் செய்தபோது துணியில் சுற்றிய மூன்று பாட்டில்கள் கிடைத்தனவாம். ஒன்று அவர் துபாயில் வேலை பார்த்த காலத்தில், 1980களின் கடைசியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய ஜானி வாக்கர் பிளாக் லேபிள், 12 வருஷம் என்று லேபிளில் இருக்கிறது. இரண்டாவது மிலிட்டரி கேன்டீன் ரம். மூன்றாவது லேபிளே இல்லாத பச்சை பாட்டில், ஊரில் காய்ச்சி மண்ணில் புதைத்து வைத்து எடுத்தது என்று பெரியம்மா சொல்கிறார். தம்பியின் கேள்வி: "விஸ்கிக்கு இப்போது ஐம்பது வயசு ஆகிவிட்டதா அண்ணா, லட்சக்கணக்கில் போகுமா, குடித்துப் பார்த்துத் தரம் சொல்வது எப்படி?"

நான் தருமபுரிக்காரன், பெங்களூரு பக்கம் ஒரு டிஸ்டில்லரியில், சரக்குகளைக் கலக்கும் பிளெண்டிங் பிரிவில் இருக்கிறேன், மூக்கால் பிழைப்பு நடத்துகிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பச்சை பாட்டில். அதைக் குடிக்கத் திறக்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள், ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மண்ணில் புதைத்து வைத்தால் சாராயம் உயர்ந்துவிடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கண்ணாடிக்குள் இருக்கும் சாராயத்தை மண் ஒன்றும் செய்யாது. அதில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தால் எத்தனை வருஷம் புதைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும், வாசனையாலோ ருசியாலோ உங்களால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, என்னாலும் முடியாது. எரித்துப் பார்த்து நீலச் சுடர் வந்தால் நல்லது என்று சொல்வதையும் நம்பாதீர்கள், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள், அதற்குக் காரணம் இந்த மெத்தனால்தான். அடுப்புப் பக்கம் கொண்டு போகாமல், நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இப்போது விஸ்கிக்கு வருவோம். ஐம்பது வயசு ஆகவில்லை. அது பன்னிரண்டு வயசு விஸ்கி, இன்றைக்கும் பன்னிரண்டுதான். மாம்பழத்தைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும், விஸ்கி அப்படி இல்லை, பீப்பாயில் இருந்து இறக்கிப் பாட்டிலில் அடைத்த அன்றோடு அதன் வயசு நின்றுவிடும். வயசு என்று நாங்கள் சொல்வது ஓக் மரப் பீப்பாயில் கிடந்த காலத்தை மட்டும். அங்கேதான் வேலை நடக்கிறது: பீப்பாயின் உட்புறத்தைச் சுட்டிருப்பார்கள், அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் வருகிறது, வெனிலா வாசனை அதனால்தான். ஓக் லாக்டோன் தேங்காய் வாசனையைக் கொடுக்கிறது, டானின் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பைக் கொடுக்கிறது. கரியான மேல்தோல் கந்தக நாற்றத்தை இழுத்துக்கொள்கிறது. மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று மெதுவாக உள்ளே வர, சாராயத்தின் முரட்டுத்தனம் அடங்குகிறது. கண்ணாடி பாட்டிலில் இதில் எதுவுமே நடக்காது. நடப்பதெல்லாம் கெடுதல்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

பிரிட்டன் சட்டப்படி ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 3 வருஷம் ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். லேபிளில் போடும் வயசு, கலவையில் இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயசு. ஆக உங்கள் பிளாக் லேபிளில் 12 வயசுக்கு மேற்பட்ட விஸ்கிகளும் இருக்கலாம், 12-க்குக் குறைந்த வயசில் ஒன்றுகூட இருக்காது. கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியில் வேறு கணக்கு, எண்ணுக்குப் பதில் எழுத்து: வி.எஸ். என்றால் குறைந்தது 2 வருஷம், வி.எஸ்.ஓ.பி. 4 வருஷம், எக்ஸ்.ஓ. 2018-க்கு முன் 6 வருஷமாக இருந்தது, இப்போது 10.

ஆனால் வயசு எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் சண்டை போடுவேன். பீப்பாயில் இருந்து ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும், தொழிலில் இதை ஏஞ்சல்ஸ் ஷேர் என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது வருஷத்துக்கு 2 சதவீதம்போல. பெங்களூரில் 10 சதவீதத்துக்குக் குறையாது. ஒரு 200 லிட்டர் பீப்பாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 12 வருஷம் கழித்துத் திறந்தால் ஏறக்குறைய 157 லிட்டர் மிஞ்சும். அதே பீப்பாயைப் பெங்களூரில் வைத்து 12 வருஷம் கழித்துத் திறந்தால் 56 லிட்டர்தான் இருக்கும், அந்த 56 லிட்டரும் பெரும்பாலும் மரத்தைக் கடித்த மாதிரி கசந்து போயிருக்கும், ஏனென்றால் சூட்டில் சாராயம் மரத்துக்குள் புகுந்து புகுந்து வருவது அவ்வளவு வேகமாக நடக்கிறது. அதனால்தான் நம் பக்கத்து சிங்கிள் மால்ட்டுகளில் (ஒரே டிஸ்டில்லரியில் மால்ட் பார்லியில் மட்டும் செய்த விஸ்கிகளில்) பெரும்பாலானவற்றில் வயசே போட மாட்டார்கள். 1948-இல் தொடங்கிய அம்ருத் கம்பெனி தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. அடுத்து வந்த அம்ருத் ஃப்யூஷன், நம் நாட்டு பார்லியையும் பீட் என்ற கரிமண்ணை எரித்துப் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்தது, விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 'விஸ்கி பைபிள்' நூலின் 2010 பதிப்பில் அதற்கு 97 மதிப்பெண் போட்டு உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். அதில் வயசு எண் கிடையாது. வயசு எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் அதைக் கையில்கூட எடுத்திருக்க மாட்டார்.

சரி, விலை. பழைய பாட்டிலுக்குப் பணம் வருவது மூன்று காரணங்களால்: அது குறைவாக இருக்க வேண்டும், தேடுகிறவர்கள் இருக்க வேண்டும், அசல் என்று நிரூபிக்க முடிய வேண்டும். 1926-இல் காய்ச்சி 60 வருஷம் பீப்பாயில் கிடந்து 1986-இல் பாட்டிலான மெக்காலன் என்ற ஸ்காட்ச் 2023 நவம்பரில் லண்டனில் சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போனது, ஏனென்றால் அந்தப் பீப்பாயில் இருந்து மொத்தம் 40 பாட்டில்தான் எடுத்தார்கள். 1983-இல் மூடிய போர்ட் எல்லன், ப்ரோரா என்ற ஸ்காட்லாந்து டிஸ்டில்லரிகள் இரண்டும் மூடியிருந்த காலத்தில் அவற்றின் பழைய பாட்டில்களுக்கு ஏறிய விலையும் அப்படித்தான், மிச்சம் இருந்தது அவ்வளவுதான் என்பதால். உங்கள் பெரியப்பாவிடம் இருப்பது உலகம் முழுக்க ஏர்போர்ட்டில் அடுக்கி வைத்து விற்ற பாட்டில். வளைகுடாவில் இருந்து வந்த நம் ஆட்கள் வீட்டுக்கு ஒன்று கொண்டு வந்தார்கள். நல்ல விஸ்கிதான், பழைய பிளெண்ட் (பல விஸ்கிகளைக் கலந்தது) பிடிக்கும் என்று தேடி வாங்குகிற ரசிகர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆனால் லட்சம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், இங்கே நீங்கள் அதை விற்க முடியாது. லைசென்ஸ் இல்லாமல் மதுவை விற்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், ஒரு பாட்டிலாக இருந்தாலும், சொந்தப் பெரியப்பாவுடையதாக இருந்தாலும். அந்தச் சட்டமே 1937-இல் வந்தது, நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது. அதை முதன்முதலில் அமல்படுத்திய மாவட்டம் சேலம், அன்றைக்கு தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்தச் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குக் கொண்டு போய்ப் பெங்களூரில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அங்கேயும் லைசென்ஸ் இல்லாத விற்பனை குற்றம்தான், எல்லையைத் தாண்டுவது தனிக் குற்றம். கேன்டீன் ரம்மை விற்பது அதற்கும் மேல் ஒரு வில்லங்கம், அது படைவீரருக்கும் முன்னாள் வீரருக்கும் மட்டும் என்று கொடுத்தது. ஆகவே மதிப்பு என்ற கேள்விக்கு உங்கள் விஷயத்தில் ஒரே அர்த்தம்தான்: டம்ளரில் என்ன இருக்கிறது?

அசலா போலியா என்பதையும் பார்த்துவிடுவோம். பெரிய இடத்திலேயே ஏமாறுகிறார்கள். 2017-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் 1878 மெக்காலன் என்று நம்பி ஒருவர் ஒரே ஒரு பெக்குக்கு ஏறக்குறைய 10,000 சுவிஸ் பிராங்க் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கார்பன் சோதனை செய்தால், அது 1970 முதல் 1972-க்குள் செய்த சரக்கு, சிங்கிள் மால்ட்கூட இல்லை, பிளெண்ட். ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அரிய பாட்டில்கள் 55-ஐச் சோதித்தார்கள், அதில் 21 போலி அல்லது சொன்ன வருஷத்தைச் சேர்ந்தவை அல்ல. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்றால், 1950களில் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறியது, அது பார்லிக்குள்ளும் போனது, ஆகவே அதற்குப் பிறகு விளைந்த தானியம் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

உங்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. பாட்டிலின் அளவைப் பாருங்கள்: பிரிட்டனில் 1990 வாக்கில் 75 சென்டிலிட்டரில் இருந்து 70-க்கு மாறினார்கள், டியூட்டி ஃப்ரீயில் ஒரு லிட்டரும் உண்டு. ஆல்கஹால் 43 சதவீதம் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஏற்றுமதி பாட்டில்களில் அது சகஜம். மூடியைச் சுற்றிய சீல் அறுந்து மறுபடி ஒட்டியதுபோல இருக்கிறதா, லேபிளின் எழுத்து ஓரத்தில் கரைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் உள்ளே சரக்கின் மட்டம். கழுத்துக்குள் நின்றால் அருமை. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி வழியாக மூச்சு போயிருக்கிறது, வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்தே போயிருக்கும். பீரோவுக்குள் துணி சுற்றி இருந்தது நல்லது, வெயில் படவில்லை. ஓசூர் குளிரில் லேசாகக் கலங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எஸ்டர் என்ற வாசனைப் பொருள்கள் சில குளிரில் திரளும், கையில் வைத்துக் கொஞ்சம் சூடேறினால் தெளிந்துவிடும். சூடேறியும் தெளியாமல் அடியில் படிவு மிதந்தால் குடிக்காதீர்கள். படுக்க வைத்திருந்தார்களா என்றும் பெரியம்மாவிடம் கேளுங்கள், ஒயினைத்தான் படுக்க வைப்பார்கள், ஸ்பிரிட்டைப் படுக்க வைத்தால் மூடியின் உள்வளையத்தை அரித்து அந்த நாற்றம் உள்ளே இறங்கும்.

இனி ருசி. இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன், பிரியாணியோ ஃபில்டர் காபியோ வாயில் இல்லாதபோது உட்காருங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அகல வாய்க் கிளாஸும் வேண்டாம். அடி அகன்று வாய் குறுகிய சின்ன ஒயின் கிளாஸ் போதும், வாசனை மேலே கூடி நிற்கும். 20 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் தேவையே இல்லை. ஐஸ் வேண்டாம், குளிரில் வாசனை படுத்துவிடும்.

ஊற்றிய உடனே மூக்கைக் கொண்டு போகாதீர்கள். நீண்ட காலம் பாட்டிலில் அடைபட்டிருந்ததற்கு முதலில் ஈர அட்டைப்பெட்டி, பழைய காசு மாதிரி ஒரு வாசனை வரும். இருபது நிமிஷம் அப்படியே விடுங்கள். போய்விட்டால் சரி, போகாவிட்டால் அந்த பாட்டில் கெட்டதென்று வைத்துக்கொள்ளலாம். நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்ப்பது சட்டப்படி அனுமதி உள்ளது, ஆகவே கருப்பாக இருந்தால் வயசானது என்பது பொய். கிளாஸ் ஓரத்தில் வழியும் கோடுகளும் ஆல்கஹாலின் வேலை, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கிளாஸை மோவாய்க்கட்டை உயரத்தில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். ஆழமாக இழுத்தீர்கள் என்றால் மூக்கு மரத்துப் போய் அடுத்த பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு எடுத்து, தள்ளி வைத்து, மறுபடி எடுங்கள். இந்த நேரத்தில் இணையத்தில் போட்டிருக்கும் குறிப்புகளைப் படிக்காதீர்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கேக், ஹெதர் பூ என்று எழுதுவார்கள், உங்களுக்கு அது தேவையில்லை. நம் மூக்குக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை, புதுப்புளி உரிக்கும் திண்ணை, செந்தூரா மாம்பழத்தின் தோல், பலாச்சுளை, ஏலக்காய், உலர்ந்த திராட்சை, காய்ந்த புகையிலை, கொப்பரைத் தேங்காய், விறகுப் புகை, இத்தனையும் எனக்கு வேறு வேறு விஸ்கிகளில் கிடைத்திருக்கின்றன. எங்கள் அறையில் ஒரு பீப்பாயின் மாதிரியைப் பற்றி எல்லோரும் ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு இருந்த பென்னாகரத்துக்காரர் ஒருவர் முகர்ந்துவிட்டு "மழைக்கு நனைந்த சாக்குப்பை" என்றார், அந்தப் பீப்பாயைத் தனியே ஒதுக்கிவிட்டோம். அவ்வளவு துல்லியம் நம் பேச்சில் இருக்கிறது.

குடிக்கும்போது முதல் வாய் நாக்கை நனைக்க மட்டும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், யாருக்கும் அது எரியத்தான் செய்யும். இரண்டாவது வாயை நாக்கு முழுவதும் பரவ விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சுவை ஒன்று போய் இன்னொன்று வந்து, தொண்டையில் கதகதப்பாக ஒரு நிமிஷம் நின்றால் அது நல்ல சரக்கு. சட்டென்று அறுந்து கசப்பு மட்டும் நின்றால் மரம் ஜெயித்துவிட்டது, சாராயம் தோற்றுவிட்டது. அதிக காலம் பீப்பாயில் விட்டதன் அடையாளம் அது: பென்சில் சீவிய தூள், மரத்தூள், ஈறு இழுக்கிற துவர்ப்பு. இளசு என்றால் பச்சை ஆப்பிள், புளித்த மாவு, நெயில்பாலிஷ் வாடை முன்னால் வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில், மரமும் தானியமும் பழமும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நின்றால் அதற்குத்தான் நான் மதிப்பு கொடுப்பேன், லேபிளில் 5 போட்டிருந்தாலும் 25 போட்டிருந்தாலும்.

அடுத்து ஸ்பூனால் தண்ணீர். ராவாகக் குடித்தால்தான் வீரம் என்பது மூடத்தனம், எங்கள் தொழிலில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து பார்க்கிறோம். 2017-இல் ஸ்வீடனில் செய்த ஒரு கணினி ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது: புகை வாசனை தரும் குவயகால் என்ற பொருள் ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மேற்பரப்பில் நிற்கிறது, 59-க்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. என்ன தண்ணீர் என்பது நம் மாவட்டங்களில் சின்ன விஷயம் இல்லை. போர் தண்ணீர் ஊருக்கு ஊர் உப்பும் ஃப்ளோரைடும் கலந்தது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அந்த ஃப்ளோரைடுக்காகத்தான், அந்தக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை இருக்கும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, சாதாரண சூட்டில், அரை ஸ்பூன் விட்டு மறுபடி முகருங்கள். சில விஸ்கி அங்கேதான் திறந்துகொள்ளும், சில உடைந்து தண்ணீராகும், அதுவே ஒரு தீர்ப்பு.

உங்கள் மனசு பெரியப்பா பக்கம் சாயும், அது இயல்பு. ஆகவே இப்போதைய பிளாக் லேபிள் கொஞ்சமும் வேறொரு விஸ்கி கொஞ்சமும் வாங்கி, மச்சானை மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் ருசித்துப் பாருங்கள். விலையும் லேபிளும் நாக்கை எவ்வளவு ஆட்டி வைக்கிறது என்று அன்றைக்குத் தெரியும். நம் ஊரில் பாட்டில் விலையில் பெரும்பங்கு வரி, விலை கூடினால் தரம் கூடியது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரம்முக்கு ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக் காய விடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் இனிப்பு சேர்த்தது. காய்ந்த பிறகு கையை முகர்ந்தால் ஆல்கஹால் போய், உள்ளே என்ன இருக்கிறதோ அது மட்டும் நிற்கும்: கரும்புச் சக்கையும் வெல்லப்பாகும் வந்தால் நல்ல ரம், வெறும் எசென்ஸ் வாடை வந்தால் பீப்பாய் பார்த்ததே கொஞ்சம்தான். குளிர்காலத்தில் வெந்நீரில் கலந்து குடிக்க அது போதும்.

திறந்த பாட்டிலைப் பத்திரப்படுத்தி வைக்கிறேன் என்று மறுபடி பீரோவில் பூட்டாதீர்கள். பழைய சரக்கு காற்று பட்டால் சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்ன கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, நிற்க வைத்து, வெளிச்சம் படாமல் வைத்துச் சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள், பெரியப்பாவோடு பழகியவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சின்ன பெக் கொடுத்தால் அதைவிட நல்ல செலவு கிடையாது. வந்தவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதை மட்டும் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.

காலியான பிறகு அதை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். நல்ல வெளிநாட்டு பாட்டில், மூடியோடு இருந்தால், மட்ட சரக்கை ஊற்றி விற்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். லேபிளைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிட்டு, மூடியைத் தனியாக நசுக்கிவிட்டு அப்புறம் போடுங்கள்.